முப்பத்தேழரைக்குக் கீழே மூன்று மலைகள்

நான் அதுவரை ஏறியிருந்த மிக உயர்ந்த இடம் நான் வேலைபார்க்கும் அரசாங்கக் கச்சேரியின் மேல்மாடி. அதுவும் சம்பளத்துக்காக ஏறியது. நாவற்குடாவில் பிறந்தவனுக்கு உயரம் என்றால் தென்னை. அதில் ஏறுவதற்கு வேறு ஆள் உண்டு. வாவியில் தோணியில் போகும்போது மேற்கே வெகுதூரத்தில் நீலமாக ஒன்றிரண்டு மலைகள் தெரியும். அவை பார்ப்பதற்கு வைத்தவை என்றே நினைத்திருந்தேன். அப்படிப்பட்ட என்னிடம் சுவிற்சர்லாந்தில் ஒரு டாக்டர் மலைப்பாதைகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, "காட்சி நன்றாக உள்ளதாக மூன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு அது. என் மனைவி கனகம்மாவின் தம்பி நல்லரெத்தினம் சட்டம் படிக்க லண்டனுக்குப் போனவன், இரண்டாம் குளிர்காலத்தில் நெஞ்சில் சயரோகம் பிடித்துப் படுத்துவிட்டான். அங்குள்ள வைத்தியர்கள் அவனைச் சுவிற்சர்லாந்து மலைக்கு அனுப்பினார்கள். பதினான்கு மாதம் அவன் வராந்தாவில் படுத்துக் காற்றை உண்டான். 'தேறி வருகிறான், யாராவது வந்தால் கூட்டிப்போகலாம்' என்று கடிதம் வந்ததும் குடும்பம் கூடி யோசித்தது. இங்கிலீசு தெரிந்திருக்க வேண்டும். நாலைந்து மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் எந்த வேலையும் நின்றுபோகாத ஆளாக இருக்க வேண்டும். இரண்டு தகுதியும் உள்ளவன் நான் ஒருவன்தான் என்று ஏகமனதாகத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் இருப்பான். இதை நான் பத்து வருடமாக மறந்திருந்தேன். புறப்பட்ட அன்று கனகம்மா வேலிப் படலையில் நின்று நினைவுபடுத்தினாள்.

"இஞ்சேருங்க, என்ட தம்பியக் கூட்டிக்கொண்டு வந்தீங்கெண்டா இந்தப் படல திறந்திரிக்கும். தனிய வந்தீங்கெண்டா ஸ்டேசனில இரிந்து நேர உங்கட அம்மாட வீட்டுக்குப் போங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் படலைக் கொண்டியில் வைத்த கையை எடுக்கவில்லை.

கம்பளிக் கோட்டு ஒன்றைக் காத்தான்குடித் தையற்காரர் ஒருவர் தைத்துத் தந்திருந்தார். ஒரு படத்தைப் பார்த்துத் தைத்தது. "குளிருக்குத் தச்சிப் பழக்கமில்ல ஐயா. கழுத்த நல்லா மூடிரிக்கன். மத்தத அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார். கப்பலில் வந்த வாந்தியையும் மாறிய ரயில்களையும் எழுதினால் வாசிக்கிறவர்களுக்கும் தலை சுற்றும். விடுகிறேன்.

நல்லரெத்தினம் அப்போது ஆஸ்பத்திரியை விட்டு, கீழே கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தான். வீட்டுக்காரி முன்பு தாதியாக இருந்தவர். அவரை நான் தாதியம்மா என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு அவர் நல்லரெத்தினத்தின் வாயில் தெர்மாமீற்றரை வைத்தார். பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்து, "முப்பத்தேழு" என்றார்.

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனாலே கஞ்சி வைப்பார்கள். முப்பத்தேழு என்றால் ஆள் முடிந்தான் என்றல்லவா அர்த்தம்! நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அக்காவுக்கு என்னத்தையும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"ஓம். அத்தானுக்கு இந்த ஊர்ச் சென்ரிகிரேட் கணக்கு விளங்கல்லெண்டு சொல்லுங்க" என்றான்.

மறுநாள் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். நெஞ்சு ஆறியிருக்கிறது, உறுதியாக ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று நடை நடக்க வேண்டும். முதலாவது மூன்று மணி, இரண்டாவது நாலரை, மூன்றாவது மலையில் முழுதாக ஆறு மணி. திரும்பியதும் சூடு பார்ப்பார்கள். முப்பத்தேழரையைத் தாண்டாவிட்டால் கப்பல் ஏறலாம். ஒரு நாள் தாண்டினாலும் இன்னொரு குளிர்காலம் இங்கேதான். ஏறும்போது நோயாளி பேசவே கூடாது.

கடைசி விதியைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். அவனோடு வாதாடி நான் வென்றதே கிடையாது.

கனகம்மா தம்பிக்கென்று ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுச் சம்பல் கொடுத்து விட்டிருந்தாள். தாதியம்மா மூடியைத் திறந்தார், உடனே மூடினார். ஏதோ செத்துவிட்டது என்று நினைத்து அலுமாரிகளுக்குப் பின்னால் தேடினார். பிறகு போத்தலை ஒரு கயிற்றில் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். மலைக்காகங்கள் இரண்டு வந்து பார்த்துவிட்டுப் போயின. அந்த வீட்டுச் சாப்பாடு நல்ல சாப்பாடுதான்: பார்லிச் சூப்பு, பாற்கட்டி, பாண். பாண் மட்டும் எங்கள் ஊரில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற ஜாதி.

முதல் நடைக்கு நான் ஒரு ஏரியைத் தேர்ந்தெடுத்தேன். வாவிக்கரையில் பிறந்தவர்கள் தண்ணீரை நோக்கிப் போவதுதானே முறை. தபாற்கந்தோரில் அதன் படம் ஒன்று இருந்தது. படத்தில் ஏற்றம் தெரியவில்லை. வழிப்பலகையில் மைல் எழுதியிருக்கவில்லை, 'ஒன்றரை மணி' என்றிருந்தது. எங்கள் தோணிக்காரர்களும் இரண்டு வாய் வெற்றிலைத் தூரம் என்று சொல்வார்கள். சொல்கிறவனுடைய வாயைப் பொறுத்தது. இங்கே எழுதினவனுடைய காலைப் பொறுத்தது. எனக்கு இரண்டு மணிக்கு மேல் பிடித்தது.

பைன்மரக் காடு தொடங்குமிடத்தில் நல்லரெத்தினம் நின்றான். ஒரு சின்னக் குழையை முறித்தான். மரக்கவடு ஒன்றில் வைத்தான். ஒரு கணம் கண்ணை மூடிவிட்டு நடந்தான்.

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் இதைச் செய்வார்கள். தேனுக்குப் போனாலும், கம்பு வெட்டப் போனாலும், தொலைந்த எருமையைத் தேடிப் போனாலும், காட்டின் வாசலில் ஒரு குழை முறித்துப் பிள்ளையாருக்கென்று போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. நான் கச்சேரிக்காரன், எனக்குக் காடு பைல்களில்தான். நல்லரெத்தினம் வீட்டாருடைய வயல் வட்டை காட்டோரம் கிடக்கிறது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவன் குழை போட்டவன்.

"அடே, லண்டனில சட்டம் படிச்சவனே, பிள்ளையார் இவ்வளவு குளிருக்குள்ள வருவாரா?" என்றேன்.

ஏறும்போது பேசக் கூடாதே. ஒற்றை விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாங்கு போட்டிருந்தார்கள், நோயாளிகள் இருப்பதற்கு. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். ஏரி வந்தது. எங்கள் கோயிற் குளத்தைவிடச் சிறியது; தோணி இல்லை, வலை இல்லை, ஒரு கொக்குக்கூட இல்லை. ஆனால் தண்ணீருக்குள் இன்னொரு மலை தலைகீழாக நின்றது. இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்தோம்.

மாலை சூடு முப்பத்தேழு தசம் ஒன்று.

இரண்டாவது நடைக்குப் பள்ளத்தாக்கு ஒன்று. முடிவில் ஒரு சாப்பாட்டுக்கடை உண்டு என்று பட்டியலில் இருந்ததால் அதை எடுத்தேன். போவதற்குத் தபால் பஸ். மஞ்சள் நிறம், வளைவுக்கு வளைவு பாட்டுப் பாடுவதுபோல ஹோர்ண் அடிக்கும். வளைவு பஸ்ஸைவிடச் சிறியது. அதனால் சாரதி பாதி திரும்பி, பின்னுக்கு எடுத்து, மறுபடி திரும்புவார். பின்னுக்கு எடுக்கும்போது பஸ்ஸின் பின்பாதி வெளியில் அந்தரத்தில் நிற்கும். நான் இருந்தது பின்பாதியில். ஒரு வளைவுக்கு ஒரு தேங்காய் என்று ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். பக்கத்தில் ஒரு அம்மாள் நிம்மதியாக அப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தார். பதினோராவது தேங்காயில் எனக்கும் ஒரு துண்டு தந்தார். கல்லடிப் பாலத்தில் பஸ் சற்றுக் குலுங்கினாலே கிழவிகள் முருகா என்று கத்தும் நாட்டிலிருந்து வந்தவன் நான். அந்த அப்பிள் எப்படி இறங்கியது என்று தெரியாது.

அங்கும் காட்டோரத்தில் ஒரு குழை. இந்த முறை நான் கேலி செய்யவில்லை, மூச்சு இல்லை.

சாப்பாட்டுக்கடையில் அடுத்த மேசையில் இரண்டு கிழவிகள் எங்களைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். நல்லரெத்தினம் சூப்புக்குள் சிரித்தான். அவனுக்கு அந்தப் பாஷை வந்துவிட்டது.

"என்னடா சொல்றாங்க?"

"ஒராள் கேக்கா, அந்த ரெண்டு பேரில ஆர் நோயாளி எண்டு. மற்றாள் சொல்றா, தெரியல்லயா, மூச்சு வாங்கிறவர்தான் எண்டு."

கிழவிகள் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், பொய் சொல்ல மனம் வரவில்லை. அன்று மாலை அவனுக்கு முப்பத்தேழு தசம் இரண்டு.

மூன்றாவதற்கு மூன்று பாதைகள் பட்டியலில் மிஞ்சின. ஒன்று பனியாற்றுக்கு; இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். கயிறு கட்டித்தான் கூட்டிப்போக வேண்டிய இடத்துக்கு மனிதன் ஏன் போகிறான்? இரண்டாவது, பாதிவழியில் கேக்குக்குப் பேர்போன கடை உள்ளது. நான் அதன்மேல் விரலை வைத்தேன். ஐந்து மணிதான் வரும் என்று தாதியம்மா விரலை எடுத்துவிட்டார். மூன்றாவது தேசிய வனம். அரசாங்கம் ஒரு பெரிய மலைக்காட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. இருபது முப்பது வருடமாக அதற்குள் மரம் தறித்தவன் இல்லை, துவக்கால் சுட்டவன் இல்லை, மாடு மேய்த்தவன் இல்லை. ஒரு கணவாய் வரை ஏறித் திரும்பினால் சரியாக ஆறு மணி. கடை இல்லை.

"அத்தான், பதினாலு மாசம் வெட்டின புல்லையும் வாங்கையும்தான் பாத்தன்" என்றான் நல்லரெத்தினம். "மெய்யான காடு ஒண்டு பாக்கணும்."

மறுகா என்ன பேச்சு? போனோம். பன்னிரண்டு தேங்காய்த் தூரம்.

வனத்தின் எல்லையில் ஒரு நீரோடை, அதன்மேல் மரப்பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை. நல்லரெத்தினம் வாசித்தான். பாதையை விட்டு விலகக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. நெருப்பு மூட்டக் கூடாது. விழுந்து கிடக்கும் சுள்ளியையும் எடுக்கக் கூடாது. கொப்பு, குழை, இலை எதையும் முறிக்கக் கூடாது.

கடைசியை வாசித்தவன் அப்படியே நின்றான்.

"வா" என்றேன்.

"குழை போடாம எப்பிடி அத்தான் போற?"

"பிள்ளையாருக்கும் சட்டம் தெரியும். நீ அவருக்கு விளங்கப்படுத்து."

"பகிடி விடாதீங்க. முதல் ரெண்டு தரமும் போட்டன், சூடு ஏறல்ல. இண்டைக்குப் போடாமப் போனா, ஏறாத சூடும் ஏறிருமோ ஏறிருமோ எண்டு நினைச்சே ஏறிரும்."

அவன் முகம் வெளுத்திருந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. ஆனாலும் அது ஓடுகிற ஓட்டம் தெரிந்தது. இன்னும் ஒரு அடி ஏறவில்லை. இவனை இப்படியே கூட்டிப்போனால் மாலையில் என்ன சூடு வரும்? கூட்டிப்போகாவிட்டால் மூன்றாவது நடை இல்லை, கப்பல் இல்லை. படலைக் கொண்டியில் வைத்த கை எனக்கு முன்னால் வந்து நின்றது.

"சட்டம் பாலத்துக்கு அங்கால்தானே?" என்றேன். "இஞ்ச நிக்கிற மரம் வனத்து மரம் இல்லையே?"

அவன் யோசித்தான். "சரிதான். ஆனா நீங்க முறிங்க. நான் முறிச்சா, தெரிஞ்சுகொண்டு முறிச்சதாப் போகும்."

இதற்குத்தான் ஆட்களை லண்டனுக்கு அனுப்புகிறோம். நான் ஒரு குழையை முறித்தேன். கைக்கெட்டும் உயரத்தில் மரக்கவடு எதுவும் இல்லை. வசதியாக எதிரில் இருந்தது பலகை ஒன்றுதான். அதன் தலையில் குழையைச் செருகிவிட்டுக் கைகூப்பினேன். கண்ணைத் திறந்தபோது பாலத்தின்மேல் ஒரு காவலாளி நின்றுகொண்டிருந்தார். நரைத்த தாடி, தோளில் நீளமான தூரக்கண்ணாடி. குழை முறிக்கக் கூடாது என்று எழுதிய பலகையின்மேல் முறித்த குழை ஆடிக்கொண்டிருந்தது.

நான் இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, காரணம் தெரியவில்லை, தமிழிலும் கேட்டேன். நல்லரெத்தினம் அவருடைய பாஷையில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். காடு, வாசல், குழை, ஊர், நெஞ்சு, மாலைச் சூடு எல்லாம் சொன்னான் போலிருக்கிறது, வெகுநேரம் சொன்னான். காவலாளி முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கேட்டு முடித்ததும் நாலைந்து வசனம் பேசினார்.

"என்னவாம்? பொலிசா?"

"இல்ல அத்தான். இவர் முந்தி வேட்டைக்காரனாம். மானைச் சுட்டு விழுத்தினா ஒரு குழை முறிச்சு அதுர வாயில வைப்பாங்களாம், கடைசிக் கவளம் எண்டு. நாங்க உள்ள போக முந்தி வைக்கிறம். அவங்க சுட்டபிறகு வைக்கிறாங்க. மானைக் கேட்டா எங்கட முறைதான் நல்லதெண்டு சொல்லுமாம்."

காவலாளி வந்து பலகையிலிருந்து குழையை எடுத்தார். பலகை அரசாங்கத்துடையது, அதில் மாட்டக் கூடாது என்றார். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு மரத்தைச் சுற்றிப்போய், அவருடைய உயரத்துக்கு எட்டிய கவடு ஒன்றில் வைத்தார். தொப்பியைத் தொட்டார். எங்களையா, மரத்தையா என்று எனக்குத் தெரியாது. "மூன்று மணிக்கு மேல் ஆலங்கட்டி மழை வரும், அதற்கு முதல் இறங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

நல்லரெத்தினம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறத் தொடங்கினான். பின்னாலிருந்து பார்க்கையில் பழைய நல்லரெத்தினம்தான். வரம்பில் நடக்கிற நடை.

அந்தக் காட்டைப் பற்றி என்ன எழுத? விழுந்த மரம் விழுந்தபடி கிடந்தது. அதன்மேல் பாசி, பாசியின்மேல் புதுக் கன்று. மர்மொற் என்றொரு பிராணி, கொழுத்த கீரிபோல, பின்காலில் எழுந்து நின்று என்னைப் பார்த்து விசிலடித்தது. சத்தம் போடக் கூடாது என்ற சட்டத்தை அதற்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. கணவாயில் கல்லின்மேல் இருந்து மத்தியானம் சாப்பிட்டோம். நல்லரெத்தினம் பையிலிருந்து சம்பல் போத்தலை எடுத்தான். பாணில் பூசி ஒரு கடி கடித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"உறைக்குதா?"

"ஓம்" என்றான். பிறகு போத்தலைப் பாதிவரை முடித்தான்.

இரண்டு மணிக்கே கணவாயை விட்டிருக்க வேண்டும். விடவில்லை, என் முழங்கால் இறங்க மறுத்தது. ஏற்றத்துக்கு மூச்சுப் போதும் என்றால் இறக்கத்துக்கு முழங்கால் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. படிக்குப் படி பக்கவாட்டில், நண்டுபோல, இறங்கினேன். மூன்று மணிக்குச் சொல்லிவைத்தாற்போல ஆலங்கட்டி மழை வந்தது. என் கோட்டு, படத்தில் உள்ளபடி தைத்த கோட்டு, பெய்ததையெல்லாம் குடித்தது. அவனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மழைச்சட்டை இருந்தது. பாலத்துக்கு வந்தபோது பஸ் போய் அரைமணி நேரம்.

ஆறு மணி நடை எட்டு மணி ஆயிற்று. அந்தக் கடைசி இரண்டு மணியும் தெருவில் ஈரத்தோடு நடந்தோம். என் பையை அவன் வாங்கித் தன் தோளில் போட்டான். வேண்டாமென்று சொல்ல வேண்டியவன் நான், சொல்லவில்லை. ஒவ்வொரு மைலுக்கும் அவனுக்குச் சூடு ஒரு தசம் ஏறுகிறது என்று மனம் கணக்குப் போட்டது. என் முழங்காலால் இவனுக்கு இன்னொரு குளிர்காலம். அதை எப்படி எழுதி அனுப்புவேன்? முதல் வரியை 'அன்புள்ள கனகம்மா' என்று தொடங்கலாமா?

தாதியம்மா எங்களைக் கண்டதும் அவனை உள்ளே இழுத்தார். அவனுக்கு உலர்ந்த உடுப்பு, அரைமணி நேரம் ஓய்வு, பிறகு தெர்மாமீற்றர். பத்து நிமிடம். சுவர் மணிக்கூட்டில் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அவர் எடுத்தார், ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார், கண்ணாடியைப் போட்டார், திரும்பவும் பிடித்தார்.

"முப்பத்தேழு தசம் நாலு."

நான் எழுந்து நின்று கைதட்டினேன். தட்டியபோது அறை ஒரு சுற்றுச் சுற்றியது. தாதியம்மா என் நெற்றியில் கையை வைத்தார். அதே தெர்மாமீற்றரைக் கழுவி என் வாயில் திணித்தார். முப்பத்தொன்பது. இந்த முறை கணக்கு எனக்கு விளங்கியது.

ஒன்பது நாள் படுத்தேன். அவனைப் பார்க்க வந்த டாக்டர் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். என் மார்பைத் தட்டி, நோயொன்றும் இல்லை, முதுமையும் மழையும் என்றார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குணமானவன் கட்டிலருகில் இருந்து எனக்குச் சூப்புப் பருக்கினான். ஏறவிருந்த கப்பல் போய்விட, அடுத்த கப்பலில் ஏறினோம். பெட்டிகளை அவன் தூக்கினான், சுங்கத்தில் அவன் பேசினான், தளத்தில் என்னைக் கம்பளியால் சுற்றி அவன் இருத்தினான். கூட்டிக்கொண்டு வரப்போனவனை அவன் கூட்டிக்கொண்டு வந்தான்.

மட்டக்களப்பு ஸ்டேசனிலிருந்து மாட்டுவண்டி. அம்மா வீட்டுக்குத் திரும்பும் சந்தியை வண்டி தாண்டியபோது நான் பெருமூச்சு விட்டேன். அதுவும் இருமலாக முடிந்தது. படலையில் கனகம்மா நின்றாள். தம்பியைப் பார்த்தாள், சிவந்து கொழுத்திருந்தான். என்னைப் பார்த்தாள், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"அடே மனே, இதில ஆருக்குடா நோய்?"

"மூச்சு வாங்கிறவருக்குத்தான் அக்கா."

அவள் கொண்டியைத் தட்டினாள். படலை முழுதாகத் திறந்தது.